ஒயர்லெஸ் ஹெட்போன்: வசதிக்குக் கொடுக்கும் விலை எங்கே ஒளிந்திருக்கிறது?

ஷாப்பிங் ஆப்பில் ‘இயர்பட்ஸ்’ என்று தட்டினால், ஆயிரம் ரூபாய்க்குள் கிடைப்பதிலிருந்து 25,000 ரூபாய் வரை வரிசை கட்டி நிற்கின்றன. எல்லாவற்றிலும் ஒரே வார்த்தைகள்தான்: டீப் பாஸ், 40 மணி நேர பேட்டரி, நாய்ஸ் கேன்சலேஷன், லோ லேட்டன்ஸி. இன்னொரு பக்கம், “என்ன இருந்தாலும் ஒயர் சவுண்டு வராதுப்பா” என்று அடித்துச் சொல்லும் நண்பர் ஒருவர் எல்லா அலுவலகத்திலும் இருக்கிறார். விளம்பரத்தை நம்புவதா, நண்பரை நம்புவதா?

இரண்டு பக்கமும் பாதி உண்மைதான். ஒயர்லெஸ்ஸுக்கு மாறுவதால் பாட்டின் தரத்தில் ஏற்படும் இழப்பு, பலரும் நினைப்பதைவிடக் குறைவு. ஆனால் மைக்கிலும் கருவியின் ஆயுளிலும் ஏற்படும் இழப்பு, பலரும் நினைப்பதைவிட அதிகம். வாங்கும்போது பேசப்படுவதெல்லாம் முதல் விஷயம். பர்ஸைக் கடிப்பது இரண்டாவது.

ஒயர் காணாமல் போன கதை

2016 செப்டம்பரில் ஆப்பிள் அறிமுகப்படுத்திய ஐபோன் 7-ல் 3.5 மி.மீ. ஹெட்போன் துளை இல்லை. அதற்கு நிறுவனத்தின் மார்க்கெட்டிங் தலைவர் ஃபில் ஷில்லர் மேடையில் சொன்ன காரணம், ‘துணிச்சல்’. அதே மேடையில்தான் ஏர்பாட்ஸும் அறிமுகமானது. துளையை எடுத்த கையோடு, அதற்கான மாற்றையும் அந்த நிறுவனமே விற்கத் தொடங்கியது.

அந்த ஆண்டு கூகுள் தன் பிக்ஸல் போன் விளம்பரத்தில், ‘எங்கள் போனில் துளை இருக்கிறது’ என்று குத்தலாகச் சொல்லிக்காட்டியது. அடுத்த ஆண்டே பிக்ஸல் 2-ல் அந்தத் துளையைக் காணோம். 2019-ல் சாம்சங்கும் நோட் 10-ல் அதே பாதைக்கு வந்தது. இன்று விலை குறைந்த ஆண்ட்ராய்டு போன்களில்தான் துளை அதிகமாக மிஞ்சியிருக்கிறது. விலை உயர்ந்த போன் வைத்திருப்பவருக்கு ஒயர்லெஸ் என்பது விரும்பி எடுத்த முடிவு என்பதைவிட, போனோடு சேர்ந்து வந்த முடிவு என்பதே பொருத்தம்.

புளூடூத்தில் பாட்டு என்ன ஆகிறது?

ஒரு சி.டி.யில் இசை நொடிக்கு 44,100 மாதிரிகளாக, ஒவ்வொன்றும் 16 பிட் அளவில், இரண்டு சேனல்களில் பதிவாகியிருக்கும். பெருக்கிப் பார்த்தால் நொடிக்கு சுமார் 1,411 கிலோபிட். வழக்கமான புளூடூத் இணைப்பால் இவ்வளவு தகவலைத் தடையில்லாமல் கடத்த முடியாது. அதனால் போன் பாட்டைச் சுருக்கி அனுப்புகிறது, ஹெட்போன் அதை விரித்துப் பாடுகிறது. இந்தச் சுருக்கும் முறைக்குத்தான் கோடெக் என்று பெயர்.

எல்லா புளூடூத் ஹெட்போனிலும் கட்டாயம் இருக்கும் அடிப்படைக் கோடெக் எஸ்.பி.சி. வழக்கமான உயர்தர அமைப்பில் அது நொடிக்கு சுமார் 328 கிலோபிட் அனுப்பும். ஐபோன்கள் ஏ.ஏ.சி. கோடெக்கைப் பயன்படுத்துகின்றன. சோனி உருவாக்கிய எல்.டி.ஏ.சி. அதிகபட்சம் 990 கிலோபிட் வரை போகும். 2017-ல் வந்த ஆண்ட்ராய்டு 8 முதல் இது ஆண்ட்ராய்டிலேயே சேர்ந்துவிட்டது.

இதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, போன், ஹெட்போன் இரண்டிலும் ஒரே கோடெக் இருந்தால்தான் வேலை செய்யும். ஐபோனில் எல்.டி.ஏ.சி.யும் கிடையாது, ஆப்டிஎக்ஸும் கிடையாது. ஐபோன் வைத்திருப்பவர் எல்.டி.ஏ.சி.க்காகக் கூடுதல் காசு கொடுப்பது வீண். இரண்டு, 990 என்பது உச்ச வேகம் மட்டுமே. வைஃபை உட்படப் பல கருவிகள் நெருக்கியடிக்கும் அதே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில்தான் புளூடூத்தும் ஓடுகிறது. கூட்டமான ரயில் நிலையத்தில் இணைப்பு அறுந்துவிடாமல் இருக்க, தானியங்கி அமைப்பில் எல்.டி.ஏ.சி. 660-க்கும் 330-க்கும் இறங்கிவிடும். பெட்டியில் அச்சடித்த எண் ஒன்று, காதுக்கு வந்துசேரும் எண் இன்னொன்று.

இந்த வித்தியாசம் காதுக்குத் தெரியுமா?

அமைதியான அறையில், நல்ல ஹெட்போனில், கண்ணை மூடிக்கொண்டு உன்னிப்பாகக் கேட்பவருக்குச் சில இடங்களில் தெரியலாம். டிரம்ஸ் சிம்பலின் சிலிர்ப்பு, கஞ்சிராவின் சலங்கை போன்ற கூர்மையான ஒலிகளைச் சுருக்குவதுதான் கோடெக்குகளுக்குக் கஷ்டமான வேலை. ஆனால் தாம்பரம் – கடற்கரை மின்சார ரயிலில் கதவோரம் நின்று கேட்பவருக்கு இந்த வித்தியாசம் தெரிய வாய்ப்பே இல்லை.

மூலப் பாடலின் தரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஸ்பாட்டிஃபையின் இலவசக் கணக்கில் போனுக்கு வருவது அதிகபட்சம் 160 கிலோபிட். அதை 990 கிலோபிட் குழாயில் அனுப்பினாலும், இல்லாத விவரம் புதிதாக முளைக்காது. 1960-களின் திரைப்பாடல்கள் மோனோவில் பதிவானவை, இரண்டு காதுக்கும் ஒரே ஒலிதான் போகும். டி.எம்.எஸ்., பி.சுசீலா பாடல்களைக் கேட்கவே ஹெட்போன் வாங்குகிறவர் கோடெக் பெயர்களை மனப்பாடம் செய்யத் தேவையில்லை.

பிறகு எதுதான் ஒலியைத் தீர்மானிக்கிறது?

மூன்று விஷயங்கள். மூன்றுமே கோடெக்கைவிடப் பெரியவை.

முதலாவது, காதில் அது உட்காரும் விதம். சிலிக்கான் முனை காதுத் துளையைச் சரியாக அடைக்காவிட்டால் பாஸ் ஒலி வெளியே கசிந்துவிடும். 20,000 ரூபாய் பட்ஸும் தகர டப்பா மாதிரிதான் கேட்கும். ‘பாஸே இல்லை’ என்று திருப்பி அனுப்பும் முன்னால், பெட்டியில் இருக்கும் மற்ற அளவு முனைகளை மாட்டிப் பார்ப்பது நல்லது. இடது காதுக்கு ஓர் அளவும் வலது காதுக்கு வேறு அளவும் தேவைப்படுவது சகஜம். பட்ஸை மாட்டிக்கொண்டு பேசிப் பார்க்கும்போது, சொந்தக் குரல் மண்டைக்குள் முழங்குவதுபோல் கேட்டால் அடைப்பு சரியாக இருக்கிறது என்று அர்த்தம்.

இரண்டாவது, டியூனிங். தாழ்ந்த ஒலி முதல் கீச்சொலி வரை எதைத் தூக்கிக் காட்டுகிறது, எதை அமுக்குகிறது என்பதுதான் ஒரு ஹெட்போனின் குணம். ‘டீப் பாஸ்’ என்று விற்கப்படும் பல மலிவு பட்ஸில் பாஸ் ஊதிப்போய், பாடகர் குரல் அதற்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். இதற்கும் விலைக்கும் நேரடித் தொடர்பு இருப்பதாகச் சொல்ல முடியவில்லை. 283 ஹெட்போன்களை அளந்து பார்த்து, 2017-ல் அமெரிக்க ஒலியியல் சங்கத்தின் ஆய்விதழில் வெளியான கட்டுரையின் தலைப்பே, அவற்றின் அலைவரிசைத் தன்மைக்கும் விலைக்கும் தொடர்பில்லை என்பதுதான். அதிக விலை கொடுத்தால் நல்ல கட்டுமானம், நல்ல மைக், நல்ல ஆப் கிடைக்கலாம். நல்ல டியூனிங் கிடைக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. வாங்கிய பட்ஸின் ஆப்பில் ஈக்வலைசர் இருந்தால், பாஸைக் கொஞ்சம் இறக்குவதிலேயே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். இதற்குச் செலவு எதுவும் இல்லை.

மூன்றாவது, சுற்றுப்புற இரைச்சல். பேருந்து இன்ஜின், ரயில் சக்கரம், ஏ.சி. காற்று ஆகியவை சீரான, தாழ்ந்த இரைச்சல்கள். இவை பாட்டின் கீழ்ப்பகுதியை அப்படியே விழுங்கிவிடும். ஹெட்போனின் மைக் இந்த இரைச்சலைக் கேட்டு, அதற்கு நேரெதிரான அலையை உருவாக்கி ரத்து செய்வதுதான் ஏ.என்.சி. தொழில்நுட்பம். 1978-ல் விமானப் பயணம் ஒன்றில் இந்த யோசனையைக் குறிப்பெடுக்கத் தொடங்கினார் போஸ் நிறுவனர் அமர் போஸ். அது விமானிகளுக்கான ஹெட்செட்டாக விற்பனைக்கு வர 1989 ஆனது. பக்கத்து இருக்கைக்காரரின் போன் பேச்சை இதனால் முழுதாக அடக்க முடியாது, இன்ஜின் உறுமலை நன்றாகவே அடக்கும். தினமும் பயணத்தில் கேட்பவருக்கு, ஏ.என்.சி. உள்ள சுமாரான ஒயர்லெஸ், அது இல்லாத அருமையான ஒயரைவிட நன்றாகக் கேட்கும். வசதியும் ஒலித்தரமும் எதிரிகள் என்ற வாதம் இங்கேதான் உடைகிறது.

மீட்டிங்கில் மட்டும் ஏன் குரல் கரகரக்கிறது?

ஒயர்லெஸ்ஸின் உண்மையான பலவீனம் மைக். லேப்டாப்பில் பாட்டு அழகாக ஓடிக்கொண்டிருக்கும். மீட்டிங்கில் சேர்ந்த அடுத்த நொடி, எல்லாமே பழைய லேண்ட்லைன் போன் மாதிரி ஆகிவிடும். பட்ஸ் பழுதாகிவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். பழுது இல்லை, புளூடூத்தின் வடிவமைப்பே அப்படி.

பாட்டு கேட்க ஒரு முறை, பேச இன்னொரு முறை என்று புளூடூத் இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறது. பாட்டு ஒரு திசையில் மட்டும் போவதால் இடம் தாராளம். மைக் ஆன் ஆனதும் ஒலி இரண்டு திசையிலும் போக வேண்டும். உடனே ஸ்டீரியோ போய் மோனோ வந்துவிடும். மாதிரி எண்ணிக்கை நொடிக்கு 44,100-லிருந்து 16,000-க்கோ, பழைய கருவிகளில் 8,000-க்கோ இறங்கிவிடும். இந்தச் சிக்கலுக்குத் தீர்வாக எல்.இ. ஆடியோ என்ற புதிய தலைமுறை புளூடூத் ஒலிமுறை 2020-ல் அறிவிக்கப்பட்டது. ஆனால் லேப்டாப், ஹெட்போன் இரண்டும் அதை ஆதரித்தால்தான் பலன்.

அதுவரை ஒரு சுலபமான வழி உண்டு. மீட்டிங் ஆப்பின் அமைப்புகளில் ஸ்பீக்கராக ஹெட்போனை வைத்துக்கொண்டு, மைக்காக லேப்டாப்பின் சொந்த மைக்கைத் தேர்ந்தெடுத்தால் போதும். பெரும்பாலான லேப்டாப்புகளில் கேட்கும் ஒலி உடனே பழைய தரத்துக்குத் திரும்பிவிடும். நாளெல்லாம் மீட்டிங்கில் இருப்பவருக்கு மைக் வைத்த சாதாரண ஒயர் ஹெட்செட்டே மேல். இண்டர்வியூவுக்கு நடுவில் சார்ஜ் தீராது, வேறு கருவிக்குத் தாவாது, குரலும் தெளிவாகப் போகும்.

பெட்டியில் இருக்கும் எண்களை எப்படிப் படிப்பது?

‘40 மணி நேர பேட்டரி’ என்பது பெரும்பாலும் கேஸையும் சேர்த்த கணக்கு. பட்ஸ் ஒரு சார்ஜில் எவ்வளவு நேரம் ஓடும், அதுவும் ஏ.என்.சி. ஆன் செய்திருந்தால் எவ்வளவு என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

‘ஈ.என்.சி.’ என்று போட்டிருந்தால் உஷார். ஏ.என்.சி. என்பது கேட்பவரின் காதுக்கு வரும் இரைச்சலைக் குறைப்பது. ஈ.என்.சி. என்பது மறுமுனையில் இருப்பவருக்குப் போகும் இரைச்சலைக் குறைப்பது. ஓர் எழுத்துதான் வித்தியாசம். மலிவு பட்ஸ் வாங்கி ஏமாறுகிறவர்களில் பலர் தடுக்கி விழுவது இந்த ஓர் எழுத்தில்தான்.

‘13 எம்.எம். டிரைவர்’ என்பது தரத்துக்கான சான்று அல்ல. 6 எம்.எம். டிரைவர் கொண்ட நல்ல பட்ஸும் உண்டு, 13 எம்.எம். கொண்ட மோசமானதும் உண்டு. ‘ஐ.பி.எக்ஸ்.4’ என்றால் நீர்த் தெறிப்பைத் தாங்கும். ஜிம் வியர்வைக்குப் போதும், நீச்சல் குளத்துக்குப் போதாது. கேஸுக்கு இந்தப் பாதுகாப்பு இருக்கிறதா என்பதைத் தனியாகப் பார்க்க வேண்டும். ஈரமான பட்ஸை அப்படியே கேஸில் போட்டு மூடுவது நல்லதல்ல.

‘லோ லேட்டன்ஸி’ கேம் ஆடுபவர்களுக்கான வார்த்தை. புளூடூத்தில் ஒலி சற்றுத் தாமதித்தே வரும். வீடியோ ஆப்கள் படத்தையும் அதற்கேற்பத் தாமதித்து உதட்டசைவைச் சரிசெய்துவிடும். கேமில் அப்படிச் செய்ய முடியாது, துப்பாக்கிச் சத்தம் விரல் அழுத்திய பிறகுதான் கேட்கும். ஆட்டத்தைச் சீரியஸாக எடுத்துக்கொள்பவருக்கு ஒயரே சரி.

உண்மையான விலை: பேட்டரி

2016-ல் வந்த முதல் ஏர்பாட்ஸின் ஒரு பட்டில் இருந்த பேட்டரி வெறும் 93 மில்லிவாட்-மணி. 5,000 எம்.ஏ.எச். போன் பேட்டரியில் இருப்பது சுமார் 19,000 மில்லிவாட்-மணி. அதாவது 200 மடங்கு வித்தியாசம். இவ்வளவு சின்ன பேட்டரிதான் தினமும் பல முறை தீர்ந்து, கேஸில் போட்டதும் மறுபடி நிறைகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். லித்தியம்-அயான் பேட்டரி 500 முழு சார்ஜ் சுழற்சிகளுக்குப் பிறகு சுமார் 80 சதவீதக் கொள்ளளவுக்கு இறங்கும் என்பது போன்களுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் அளவு. தினமும் 3 மணி நேரம் கேட்பவர் ஆண்டுக்கு 1,095 மணி நேரம் கேட்கிறார். ஒரு சார்ஜில் 5 மணி நேரம் ஓடும் பட்ஸுக்கு அது 219 சுழற்சி. இரண்டேகால் ஆண்டில் 500 தாண்டிவிடும். ஒரு சார்ஜில் 30 மணி நேரம் ஓடும் காது மூடும் பெரிய ஹெட்போனுக்கு அதே அளவு கேட்பது ஆண்டுக்கு 37 சுழற்சிகூட ஆகாது. பேட்டரிக்கு வயதாலும் தேய்மானம் உண்டு என்பதால் பெரிய ஹெட்போன் என்றென்றும் ஓடும் என்று சொல்ல முடியாது. ஆனாலும் வித்தியாசம் எவ்வளவு பெரியது என்பது இந்தக் கணக்கிலேயே தெரிகிறது.

தேய்ந்த பேட்டரியை மாற்றலாமே என்றால், பெரும்பாலான பட்ஸ் பசை போட்டு ஒட்டப்பட்டவை. உடைக்காமல் திறக்கவே முடியாது. பழுதுபார்ப்பு வழிகாட்டிகளுக்குப் பெயர்பெற்ற ஐஃபிக்ஸிட், முதல் ஏர்பாட்ஸுக்குக் கொடுத்த மதிப்பெண் பத்துக்குப் பூஜ்ஜியம். இதெல்லாம் முடியவே முடியாத காரியமும் அல்ல. ஃபேர்போன் நிறுவனம் 2024-ல் பேட்டரியைக் கையால் கழற்றி மாற்றக்கூடிய பட்ஸை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

ஒயர் ஹெட்போனுக்குச் சாகும் தேதி கிடையாது. ஒயர் அறுந்தால் ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரி கடைத்தெருவில் சால்டர் வைத்துத் தரும் ஆள் இன்னும் இருக்கிறார். கழற்றி மாட்டும் ஒயர் உள்ள மாடலுக்கு அந்த ஆள்கூட வேண்டாம். ஒயர்லெஸ் பட்ஸோ, வாங்கிய அன்றே காலாவதித் தேதி குறிக்கப்பட்ட பொருள். அந்தத் தேதி பெட்டியில் அச்சிடப்படுவதில்லை, அவ்வளவுதான்.

காதுக்கும் ஒரு கணக்கு உண்டு

பாதுகாப்பற்ற முறையில் கேட்பதால் 100 கோடிக்கும் அதிகமான இளைஞர்கள் செவித்திறன் இழப்பு அபாயத்தில் இருக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அது சொல்லும் அளவு இதுதான்: 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம். 90 டெசிபல் என்றால் வாரத்துக்கு 4 மணி நேரம்தான். கொஞ்சம்போல வால்யூமைக் கூட்டினால் நேரம் பத்தில் ஒரு பங்காகச் சுருங்குகிறது.

பேருந்தில் பாட்டு கேட்கவில்லை என்று வால்யூமை ஏற்றுவதே பலரின் பழக்கம். காதை நன்றாக அடைக்கும் முனையோ, ஏ.என்.சி.யோ இருந்தால் அந்தத் தேவை குறையும். பல போன்களில் ஹெட்போன் வால்யூமுக்கு உச்சவரம்பு வைக்கும் வசதி இருக்கிறது. ஒருமுறை அமைத்துவிட்டால் மறந்துவிடலாம். பேட்டரி போனால் புதுசு வாங்கலாம். உள்காதில் அழிந்த நுண்மயிர் செல்கள் மறுபடி வளராது. சாலையைக் கடக்கும்போதும் வண்டி ஓட்டும்போதும் காதை அடைத்துக்கொள்ளக் கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

யாருக்கு எது பொருந்தும்?

பயணத்திலும் நடைப்பயிற்சியிலும் கேட்பவருக்கு ஒயர்லெஸ் பட்ஸ். கோடெக்கைப் பார்க்காமல், காதில் உட்காரும் விதத்தையும் ஏ.என்.சி.யையும் பார்த்து வாங்கலாம். திருப்பித் தரும் வசதி உள்ள இடத்தில் வாங்குவது முக்கியம்.

மேஜையில் உட்கார்ந்து மணிக்கணக்கில் கேட்பவருக்குக் காது மூடும் பெரிய ஹெட்போன். ஒயர்லெஸ்ஸாக இருந்தாலும், ஒயர் மாட்டவும் வழி உள்ள மாடலாக எடுத்தால் பேட்டரி போன பிறகும் பலவற்றைப் பயன்படுத்த முடியும். காது மெத்தை தனியாகக் கிடைக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளலாம்.

பாட்டை உட்கார்ந்து ரசிப்பவருக்கும் கேம் ஆடுபவருக்கும் ஒயர். போனில் துளை இல்லையென்றால் டைப்-சி துளையில் மாட்டும் சின்ன அடாப்டர் போதும். 20,000 ரூபாய் ஒதுக்கியிருப்பவர் மொத்தத்தையும் ஒரே பட்ஸில் கொட்டுவதைவிட, பாதி விலையில் பயணத்துக்கு ஒரு பட்ஸும் மீதியில் வீட்டுக்கு ஒரு நல்ல ஒயர் ஹெட்போனும் வாங்குவது புத்திசாலித்தனம். இரண்டாவது பொருள் முதல் பொருளைவிடப் பல ஆண்டுகள் கூடவே இருக்கும்.

எதை வாங்குவதென்றாலும் ஒரு சின்னக் கணக்கு உதவும். விலையை எதிர்பார்க்கும் ஆயுளால் வகுக்க வேண்டும். இரண்டு ஆண்டு ஓடும் 6,000 ரூபாய் பட்ஸுக்கு ஆண்டு வாடகை 3,000 ரூபாய். எட்டு ஆண்டு ஓடும் 8,000 ரூபாய் ஒயர் ஹெட்போனுக்கு 1,000 ரூபாய். வசதிக்காக அந்த 3,000-ஐக் கொடுப்பதில் தப்பே இல்லை. வாடகை கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்க வேண்டும், அவ்வளவே.

சட்டம் என்ன செய்ய வேண்டும்?

வாங்குபவர் மட்டுமே திருந்தினால் போதாது. கையடக்கக் கருவிகளின் பேட்டரியைப் பயனாளரே கழற்றி மாற்றும்படி வடிவமைக்க வேண்டும் என்ற ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி, சில விலக்குகளுடன் 2027 பிப்ரவரி 18 முதல் நடைமுறைக்கு வருகிறது. இந்தியாவில் மின்கழிவு மேலாண்மை விதிகள் 2023 ஏப்ரல் முதல் அமலில் உள்ளன. பழுதுபார்க்கும் உரிமைக்கான இணையதளத்தை மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022-ல் தொடங்கியது. குப்பையான பிறகு என்ன செய்வது என்பதற்கான விதி தேவைதான். அதைவிட அவசரமானது, இரண்டே ஆண்டில் குப்பையாகும்படி ஒரு பொருளைச் செய்ய முடியாமல் தடுக்கும் விதி.

குறைந்தபட்சம், மின்சாதனங்களில் நட்சத்திரக் குறியீடு ஒட்டுவதுபோல, இயர்பட்ஸ் பெட்டியிலும் பேட்டரியை மாற்ற முடியுமா முடியாதா என்று ஒரு வரி கட்டாயமாக்கலாம். ‘40 மணி நேரம்’ என்று கொட்டை எழுத்தில் போட இடமிருக்கும் பெட்டியில், ‘பேட்டரியை மாற்ற இயலாது’ என்று போடவும் இடம் இருக்கும். அந்த வரியைப் படித்த பிறகும் வாங்குவதா வேண்டாமா என்பது அவரவர் விருப்பம். அது தெரியாமல் வாங்குவதை விருப்பம் என்று சொல்ல முடியாது.